ஆன்ட்டி பைபாஸ்

வண்டி வந்தால் மனிதர்கள் விலகுவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடு வேண்டுமானால் கொஞ்சம் யோசிக்கும். நான் பார்த்த வரையில் விலகவே விலகாத ஆள் ஒருவர்தான். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் டவுன்ஹவுஸுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்த அக்கா.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் காவல் காத்த ஆற்றின் பெயரையும் எழுதமாட்டேன். “பேரைச் சொன்னா வண்டி வரும்மா” என்பார். அப்போதெல்லாம் நான் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

மௌரி அவென்யூ இந்தியக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கிங் கிடைப்பது எப்படி என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் காரை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். அக்கா இறங்கி, காலியான இடத்தின் நடுவில் போய் நின்றுகொள்வார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். பெரிய பிக்கப் ட்ரக் ஒன்று வந்து அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டியவன் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. அக்கா பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, கடித்தார்.

“அக்கா, வாங்க, எதுக்கு வம்பு?” என்றேன். எனக்கு மானம் போனது.

“நான் இன்னா பண்ணேன்? நிக்கிறேன். அவ்ளோதானே?”

ட்ரக் கொஞ்சம் முன்னால் உறுமியது. அவர் மிட்டாயில் ஒரு துண்டை உடைத்து என்னிடம் நீட்டினார். கடைசியில் அவன்தான் திட்டிக்கொண்டே போனான். இந்த மனுஷி ஒருநாள் நிற்கக் கூடாத இடத்தில் போய் நிற்கப் போகிறார் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அவங்க நிக்கிறதால நமக்கும் ஒரு பார்க்கிங் கெடச்சா சரி” என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். அவருக்கு எதுவுமே அப்படித்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நிற்றலால் எனக்கும் நன்மை நடந்திருக்கிறது. என் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கிப்போட்டபோது கணவர் ஊரில் இல்லை. அக்காதான் கார் ஓட்டினார். அவசர சிகிச்சை கவுன்டரில் இருந்த பெண் “உட்காருங்கள், கூப்பிடுகிறோம்” என்றாள். நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. கத்தவில்லை, கெஞ்சவில்லை. கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தப் பெண்ணையே பார்த்தார். அவள் டைப் அடித்தாள், போன் பேசினாள், நிமிர்ந்தால் அக்கா நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நான் அவரை எதற்கும் தடுத்துப் பேசியதில்லை. தடுத்திருந்தாலும் கேட்கிற ஆள் இல்லை.

மில்பிடாஸில் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. தூசி ஒரு துளி ஆகாத அறை. வாரம் முழுவதும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு அதற்குள் இருப்பார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மண்வெட்டியும் வாரியும் தண்ணீர்க் கேனுமாகக் கிளம்பிப் பாலைவனத்துக்குப் போய்விடுவார். அங்கே ஓர் ஆற்றைப் பாதுகாக்கிற சின்னக் கூட்டம் இருந்தது. அதில் நம் ஆள் இவர் ஒருவர்தான். ஜீப்பும் பைக்கும் ஆற்றுப் படுகையில் ஏறி ஓட்டிப் போட்ட தடங்களை அழிப்பதுதான் அவர்கள் வேலை.

மகள் ஹைஸ்கூலுக்குப் போனதும் பள்ளிக்குக் கணக்குக் காட்ட வாலண்டியர் ஹவர்ஸ் தேவைப்பட்டது. இங்கே பிள்ளைகள் சேவை செய்வதற்கு அதுதான் காரணம். அக்காவோடு அனுப்பப் பயமாக இருந்ததால் நானும் கிளம்பினேன். சியரா மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, மோட்டலில் தங்கி, காலையில் போய்ச் சேர்ந்தோம். எங்கே பார்த்தாலும் மணலும் கூழாங்கல்லும். அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“எங்கக்கா ஆறு?”

“நீ நிக்கிறது ஆத்துலதான்.”

நான் காலுக்குக் கீழே பார்த்தேன். அவர் சிரித்தார். “தஞ்சாவூர்க்காரி நீ. தண்ணி தெரிஞ்சாத்தான் உனக்கு ஆறு. நான் பாலாத்துக்காரி. காலேஜ்ல எல்லாரும் கேப்பாளுங்க, பாலாறா, அதுல எங்கடி தண்ணின்னு. தோண்டிப் பாருடின்னு சொல்வேன்.”

சொல்லிவிட்டு மண்டிபோட்டு மணலைத் தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பள்ளத்தின் அடியில் மணல் கறுத்தது. பிறகு தண்ணீர் கசிந்து, குழம்பி, தெளிந்தது. என் மகள் “வாவ்” என்றாள். அக்கா அதைத் தொடவிடாமல் மணலைத் தள்ளி மூடினார்.

கொஞ்சம் மேலே நடந்தால் பாறைகளுக்கு நடுவில் ஆறு ஒடுங்குகிறது. அந்த ஒரு வளைவில் மட்டும் தண்ணீர் வெளியே தலைகாட்டும். எங்கள் வரவேற்பறை அளவுக்கு ஒரு மடு. அதில் கட்டைவிரல் நீளத்துக்கு நீலமாக மீன்கள். “இந்த மீனு இந்த மடுவ வுட்டா வேற எங்கியும் கெடயாது. இது போச்சின்னா போச்சி” என்றார். ஆறு அந்த மடுவுக்குள் வராமல் போனால் மீன் செத்துவிடும். அவருக்கிருந்த கவலை அது ஒன்றுதான். அந்த வெயிலிலும் எங்களை மடுவின் ஓரத்துக்குப் போகவிடவில்லை.

வேலை என்னவென்றால், டயர் தடத்தை வாரியால் கலைக்க வேண்டும். அது புரிந்தது. அடுத்தது புரியவில்லை. காய்ந்துபோன புதர்களைப் பிடுங்கிவந்து, தடத்தின் நடுவில் குழி தோண்டி, நிமிர்த்தி நட்டார்.

“செத்த செடிய யாராச்சும் நடுவாங்களாக்கா?”

“வழி மாதிரி தெரிஞ்சா வழியாயிடும். செடி நின்னுச்சின்னா, இது வழி இல்லபோலன்னு திரும்பிடுவான். ஒருத்தன் போனா தடம். நாலு பேரு போனா ரோடு. அப்புறம் மழை வந்தா தண்ணியும் ரோட்டப் புடிச்சிக்கினு போவும். எங்க ஊர்ல மணல் லாரி போன தடத்துல ஆறு பூந்து ஒரு தெருவே போச்சி.”

“யாரு லாரி?”

“எங்கப்பாது” என்றார். அடுத்த குழியைத் தோண்ட ஆரம்பித்தார்.

சாயங்காலத்துக்குள் நாங்கள் நட்ட செத்த செடிகள் நெடுக நின்றன. காற்றில் அவை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. சுடுகாட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு பைக்குகள் உச்சியில் வந்து நின்றன. ஹெல்மெட் போட்ட முகங்கள் எங்களைப் பார்த்தன. அக்கா வாரியை ஊன்றிக்கொண்டு தடத்தின் நடுவில் போய் நின்றார். ரொம்ப நேரம் யாரும் அசையவில்லை. பிறகு அவர்கள் திரும்பிப் போனார்கள். புழுதி அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.

“அம்மா, ஷி இஸ் கோயிங் டு கெட் ஹிட் சம்டே” என்றாள் மகள் மெதுவாக. வாயை மூடு என்று அவள் கையைக் கிள்ளினேன். நான் நினைத்ததைத்தான் அவள் சொன்னாள். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நாற்பத்தைந்து வயதில் சிலருக்குச் சுகர் வரும், சிலருக்கு ஜீப் வரும். என் கணவருக்கு இரண்டும் வந்தது. ஜீப் வந்தால் கூடவே ஒரு வாட்ஸ்அப் குரூப் வரும். அதற்கு லீடர் ஒருவர், கும்பகோணத்துக்காரர். நல்ல மனிதர்தான், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பார். ஆனால் எதையாவது ஏற்பாடு செய்யாமல் அவரால் இருக்க முடியாது. அந்த வருடம் ஆடிப்பெருக்கை ஓர் ஆற்றங்கரையில் கொண்டாடலாம் என்று ஆரம்பித்தார். ஆடிக்கு யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. செப்டம்பரில் வருகிற லேபர் டே வீக்எண்டுக்குத் தள்ளிவைத்தார். அதற்குள் ஆவணி பாதி போய்விட்டது. அமெரிக்காவில் நம் பண்டிகைகளெல்லாம் லாங் வீக்எண்டில்தான் வரும்.

எந்த ஆறு என்று அவர், ஜீப்காரர்கள் பாதை பார்க்கிற ஓர் ஆப்பிலிருந்து எடுத்து மேப்பைப் போட்டபோது அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆறுதான். மடுவின் படமும் இருந்தது. ‘தண்ணி வரைக்கும் வண்டி போகும்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அக்காவும் அந்தக் குரூப்பில் இருந்தார். ‘வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து போகலாம். அரைமணி நடை. சாப்பாட்டை நான் சுமக்கிறேன். மணலுக்குக் கீழே ஆறு ஓடுகிறது’ என்று எழுதினார். அதற்கு நாலைந்து கட்டைவிரல்கள் விழுந்தன. லீடர் மட்டும் எனக்குப் போன் செய்தார். “மாமியாருங்க எல்லாம் விசிட்டர் விசால வந்துருக்காங்க. முட்டி வலி. அவங்கள மணல்ல நடக்கவிட முடியுமா? உங்க பக்கத்து வீட்டு அக்காட்ட நீங்களே சொல்லுங்களேன்.” நான் என்ன சொல்வது? அக்காவிடம் போனால் அவர் வெள்ளிக்கிழமையே கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக வண்டிகள் போயின. எங்கள் ஜீப் முன்னால். பின்சீட்டில் மகள். டிக்கி முழுக்கச் சித்திரான்னம். புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம், எல்லார் வீட்டுப் பாத்திரமும் எங்கள் வண்டியில். வண்டி வரக்கூடாது என்ற போர்டை யாரோ முன்பே சாய்த்துவிட்டிருந்தார்கள். அது மண்ணில் குப்புறக் கிடந்தது. “போர்டு எதுவும் இல்லையே” என்று வாக்கிடாக்கியில் லீடர் குரல் வந்தது. ஜீப் படுகையில் இறங்கியது. “ரோடு மாதிரியே இருக்கு பாரு” என்றார் கணவர் சந்தோஷமாக.

பாறைகளுக்கு நடுவில் ஆறு ஒடுங்குகிற இடத்துக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு. கையில் ஒன்றுமில்லை.

கணவர் வேகத்தைக் குறைத்தார். “விலகிடுவாங்க.”

“விலகமாட்டாங்க. நிறுத்துங்க.”

“கொஞ்சம் கிட்டப் போனா விலகிடுவாங்கடி.”

“அப்பா, ஸ்டாப். ஷி வோன்ட் மூவ்” என்றாள் மகள்.

நிறுத்தினார். அவரை முழுக்கக் கெட்டவராக்கிவிட முடியாது, நிறுத்தத்தான் செய்தார். பம்பருக்கும் அக்காவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எறங்கி நடங்க. வயசானவங்கள நான் கைத்தாங்கலா கூட்டிக்கினு போறேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

பின்னாலிருந்து ஹார்ன். யாருடைய மாமியாரோ என்னவென்று கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது லீடரின் வெள்ளை ட்ரக் வரிசையை விட்டு விலகி, இடதுபக்கக் கரையில் ஏறியது. புதர்கள் ஒடிகிற சத்தம். கரை உடைந்து மண் சரிந்தது. ட்ரக் ஒருமுறை சறுக்கி, மறுபடி உறுமி, மேலே ஏறி, பாறையைச் சுற்றி மடுவின் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அடுத்த வண்டி அதே தடத்தில் ஏறியது. அடுத்ததும். எல்லாருமே அக்காவை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகக் கும்பிடுகூடப் போட்டார்.

நாங்கள் மட்டும் மிஞ்சினோம். வாக்கிடாக்கி கரகரத்தது. “சாப்பாடு உங்க வண்டியிலதானே இருக்கு?”

கணவர் என் முகத்தைப் பார்த்தார். “எல்லாரும் போயாச்சு. நாம போறதால மட்டும் புதுசா என்ன ஆயிடப் போவுது?” என்றார். ரிவர்ஸ் எடுத்து, கரையில் ஏறினார். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா இப்போதும் அதே இடத்தில் நின்றார். அவர் முன்னால் வண்டியே இல்லை.

மடுவில் மஞ்சள் குங்குமம் போட்டு, பூ விட்டு, விளக்கு விட்டார்கள். ஒரு மாமியார் பாட்டுப் பாடினார். நான் ஒரு தட்டில் சாதம் போட்டுக்கொண்டு கீழே நடந்தேன். அக்கா மறித்த இடத்துக்கு அரைமணி நடைகூட இல்லை, பத்து நிமிடம்தான். அவர் உடைந்த கரையில் மண்ணை வாரி வாரி ஏற்றிக்கொண்டிருந்தார். அது நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. தட்டை வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டார்.

“புளியோதர நல்லாக்கீது. நீ பண்ணதா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “திட்டுங்கக்கா” என்றேன்.

“திட்டி இன்னா ஆவப்போவுது? மழ வரும் பாரு” என்றார். அதைச் சாபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மழை வந்தது. பாலைவனத்தில் மழை வந்தால் எல்லாம் ஒரே நாளில் வரும். அடுத்த வாரம் அக்கா போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். “ஆறு போயிடுச்சிம்மா.” படமும் அனுப்பியிருந்தார். கரை உடைந்த இடத்தில் வெள்ளம் நுழைந்து, நம் டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு, பாறையைச் சுற்றி, மடுவைத் தொடாமலே கீழே போயிருந்தது. மடு வற்றி, அடியிலிருந்த வண்டல் வெடித்திருந்தது. மீனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது கணவர் போனை என் பக்கம் தள்ளினார். ஜீப்காரர்கள் பார்க்கிற அந்த ஆப். லீடர் அன்றைக்குப் போன பாதையை அதில் ஏற்றியிருந்தார். பாதைக்குப் பெயரும் வைத்திருந்தார்: ‘ஆன்ட்டி பைபாஸ்’. கீழே யார் யாரோ நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நான் லீடருக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசினேன். “ஜாலிக்கு வெச்சேம்மா. அவங்கள மறக்கக் கூடாதுன்னுதான்” என்றார். பாவம், உடனே எடுத்துவிட்டார். அதற்குள் வேறு யார் யாரோ நகல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். பேரைச் சொன்னால் வண்டி வரும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா அந்தப் பாதையில் செத்த செடி நட்டார். வருகிறவர்கள் அதைப் பிடுங்கிக் குளிர்காய்ந்தார்கள். அவர் மறுபடி நட்டார். “போதும்க்கா, ஆறே போயிடுச்சே” என்றேன். “இந்தத் தடத்த அடச்சிட்டா அடுத்த வெள்ளம் பழய வழிக்கு வரும். வந்தா மடு ரொம்பும்” என்றார். மடு நிறையட்டும், மீன் எங்கிருந்து வரும்?

வசந்தத்தில் ஒரு மத்தியானம், பாறை திரும்புகிற இடத்தில் குனிந்து குழி தோண்டிக்கொண்டிருந்தபோது மணல்மேட்டில் ஓட்டி விளையாடுகிற சின்ன வண்டி ஒன்று வந்து அவரை அடித்தது. ஓட்டியவன் காலேஜ் பையன். போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே திரும்பியிருக்கிறான். அவன் ஓடிப்போகவில்லை. அவனே உதவிக்குக் கூப்பிட்டு, ஹெலிகாப்டர் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். மேப்பில் ரோடு என்று இருந்தது என்று எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பிலும் காலிலும் கம்பி வைத்திருந்தார்கள்.

“சத்தம் கேக்கலயாக்கா?”

“கேட்டுச்சி.”

“அப்புறம் ஏன் விலகல?”

முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். “அது ரோடு இல்லயேம்மா” என்றார்.

அக்காவும் வீட்டுக்காரரும் வேலையை விட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியில் அவர் தம்பி வீட்டுக்குப் பக்கமாகப் போவதாக முடிவானது. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை, மௌரி அவென்யூ கடையின் பார்க்கிங்கில் அவரைப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீட்டுக்காரர் காரை எடுக்கப் போயிருக்க வேண்டும். எங்கள் ஜீப் அந்தப் பக்கம் திரும்பியது. கணவர் ஹார்ன் அடிக்கவில்லை. வேகமும் இல்லை.

அக்கா எஞ்சின் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். எங்களை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவசர அவசரமாக வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து, தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த கம்பி ஓரமாகப் போய் ஒட்டி நின்றுகொண்டார். போங்க, போங்க என்று கையைக் காட்டினார்.

கணவர் பிரேக்கை மிதித்தவர் காலை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். “இறங்கிப் போய்ப் பேசு” என்றார். எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. முன்னால் அவ்வளவு இடம் கிடந்தது.

வண்டி ஏன் போகவில்லை என்று அக்காவுக்குப் புரியவில்லை. இடம் போதவில்லையோ என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் விலகினார்.